அமெரிக்க நாட்டுச் சித்திரகுப்தன் ஏடு

அமெரிக்க ஐக்கிய நாடு என்றால் நம் நாட்டுப் படித்த கனவான்களுக்கு ஒரு மோக்ஷலோகம் மாதிரி. அங்கே ஜாதி இல்லை என்பார்கள்; பிறவியினால் உயர்வு தாழ்வு இல்லை என்பார்கள்; குடிசையில் பிறந்தவனும் அங்கே நாட்டுக்கே தலைவனாகலாம் என்பார்கள். இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பூச்சு என்பதை அந்நாட்டு மக்களே இப்பொழுது வெளியில் எடுத்துப் பேசி வருகிறார்கள். நாமும் சற்று எட்டிப் பார்ப்போம்.

அந்நாட்டில் ஒரு ஜாதி இருக்கிறது. அது தாய் வயிற்றிலிருந்து வருவதல்ல; கோர்ட்டுக் குமாஸ்தாவின் பேனாவிலிருந்து வருவது. அந்த ஜாதிக்குப் பெயர் "பெலன்" என்பது. ஓராண்டுக்கு மேல் சிறைவாசம் விதிக்கத்தக்க பெருங்குற்றத்திற்கு அங்கே "பெலனி" என்று பெயர்; அதில் ஒரு முறை தண்டனை அடைந்தவன் பெலன். சிறைவாசம் முடிந்து விடும். அபராதம் கட்டி முடிந்து விடும். மேற்பார்வைக் காலமும் தீர்ந்து விடும். ஆனால் பெலன் என்ற பெயர் மாத்திரம் தீராது. பல மாகாணங்களில் ஓட்டு கொஞ்ச காலமாவது போகும். ஜூரியில் உட்காரும் யோக்கியதை போகும். பல தொழில்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. வாடகைக்கு வீடு கேட்டால் பழைய ரிக்கார்டைப் புரட்டுவார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை ஆயுள் முழுதும் போய்விடும்.

இப்படிப்பட்டவர்கள் எங்கேயோ நாலு பேர் என்று நினைக்க வேண்டாம். 2010-ஆம் ஆண்டு நிலையை வைத்து அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்குப்படி வயது வந்தவர்களில் நூற்றுக்கு 8 பேர் இந்தப் பெலன் ஜாதி. கறுப்பு ஆண்மக்களை மாத்திரம் எடுத்துக்கொண்டாலோ நூற்றுக்கு 33 பேர்! மூன்றில் ஒரு பங்கு ஆண்களை நெற்றியில் சூடு போட்டு நிறுத்தி வைத்துவிட்டு, "எங்கள் நாட்டில் ஜாதி இல்லை" என்று சொல்லுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நமக்கென்ன துப்பாக்கிமேல் காதல்?

"சுயமரியாதைக்காரர்களுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நமக்குத் துப்பாக்கிமேல் எந்தவிதக் காதலும் இல்லை. அந்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் மாத்திரம் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர் என்று அவர்கள் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். இப்படிப்பட்ட ஒரு பண்டத்தை எல்லோர் கையிலிருந்தும் பிடுங்கிவிட்டாலும் நாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டோம்.

ஆனால், கோயிலுக்குள் போனால் மோக்ஷம் கிடைக்கும் என்று நாம் என்றைக்காவது நம்பினோமா? இல்லை. உள்ளே இருப்பது கல் என்றே சொன்னோம். அப்படியிருந்தும் கோயிலுக்குள் எல்லோரும் போக உரிமை வேண்டும் என்று ஏன் கேட்டோம்? வைக்கத்தில் 1924-ல் ஒரு தெருவில் நடப்பதற்காக ஏன் சிறைக்குப் போனார்கள்? அந்தத் தெருவில் தங்கம் கொட்டிக் கிடந்ததாலா? நாயும் பன்றியும் நடக்கும் தெருவில் மனிதன் நடக்கக்கூடாது என்றதால் கேட்டோம். உள்ளே இருக்கும் கல்லைப் பற்றி அல்ல நம் வழக்கு. வாசலில் நிற்கிறவன் "நீ போகலாம், நீ போகக்கூடாது" என்று எந்த ஏட்டைப் பார்த்துச் சொல்லுகிறான் என்பதைப் பற்றியே நம் வழக்கு. அமெரிக்கத் துப்பாக்கி வழக்கிலும் நம் நோக்கம் அதுதான்.

அந்நாட்டுத் துப்பாக்கிப் பக்தர்கள் "ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை ஆண்டவன் மனிதனுக்குக் கொடுத்தது, எந்த சர்க்காரும் அதைத் தொடக்கூடாது" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அவர்கள் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2008-ல் அது தனி மனிதனுடைய உரிமை என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் அதே தீர்ப்பிலேயே, பெலன்களுக்குத் துப்பாக்கி கூடாது என்ற பழைய தடைகளைச் சந்தேகிக்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்தது. சரி, ஆண்டவன் கொடுத்த உரிமையைக் கோர்ட்டுக் குமாஸ்தாவின் ரிஜிஸ்தர் எப்படிப் பிடுங்கிற்று? ஆண்டவன் பெரியவனா, ரிஜிஸ்தர் பெரிதா? ரிஜிஸ்தர்தான் பெரிது என்றால், ஆண்டவன் பெயரை இதில் ஏன் இழுக்க வேண்டும்? மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம் என்று நேராகச் சொல்லிவிட்டால் வழக்கு சுலபமாகத் தீர்ந்துவிடுமே!

கர்ம பலனும் பெலன் பலனும்

1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்லுவது இது. ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை *விதிக்கத்தக்க* குற்றத்தில் குற்றவாளி என்று ஆனவன் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது. "விதிக்கத்தக்க" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உண்மையில் ஒரு நாள் கூடச் சிறைக்குப் போகாதவனாயிருந்தாலும் சரி, சட்டப் புத்தகத்தில் ஓராண்டுக்கு மேல் என்று போட்டிருந்தால் போதும். ரத்தம் சிந்தினானா, யாரையாவது அடித்தானா, ஆயுதத்தைத் தொட்டானா என்கிற கேள்வியே இல்லை. தடையை மீறி ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். அதற்குப் பதினைந்து வருஷம் வரை சிறை என்று 2022-ல் உயர்த்தியும் இருக்கிறார்கள்.

பென்சில்வேனியா மாகாணத்து ஏழை ஒருவர் கதையைக் கேளுங்கள். மூன்று சிறு குழந்தைகள். வாரம் சுமார் 300 டாலர் வரும்படி. பிறர் வீட்டுப் புல்லை வெட்டிப் பிழைப்பவர். 1995-ல், ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுச் சீட்டுக்காகப் போட்ட மனுவில் வரும்படியைச் சரியாகக் காட்டவில்லை என்று அவர்மேல் வழக்கு. மனைவி எழுதிய மனுவில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். சம்பந்தப்பட்ட தொகை 2,458 டாலர். பணத்தைத் திருப்பிக் கட்டினார், அபராதமும் கட்டினார், மூன்று வருஷ மேற்பார்வைக் காலத்தையும் முடித்தார், சிறைக்குப் போகவே இல்லை. ஆனால் அக்குற்றத்திற்கு ஐந்து வருஷம் வரை விதிக்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. தீர்ந்தது! ஆயுள் முழுதும் மான் வேட்டைக்குக் கூடத் துப்பாக்கி தொடக்கூடாது. அவர் கோர்ட்டுக்குப் போனார். மேல் கோர்ட்டின் நீதிபதிகள் எல்லோரும் கூடி உட்கார்ந்து 2023-ல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்து மறுபடி பார்க்கும்படி திருப்பி அனுப்பிற்று. 2024 டிசம்பரில் மறுபடியும் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. உணவுச் சீட்டுத் தப்புக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு மனிதனுக்காகச் அந்நாட்டு நியாயஸ்தலம் சொல்லும்போது, அவர்மேல் வழக்கு வந்து ஏறக்குறைய 30 வருஷம் ஆகியிருந்தது!

நம் புராணக்காரன் என்ன சொல்லுகிறான்? நீ செய்ததையெல்லாம் சித்திரகுப்தன் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறான். அது உன்னை விடாது என்கிறான். அதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அமெரிக்காக்காரனோ சித்திரகுப்தனுக்குச் சம்பளம் கொடுத்து, மேஜை நாற்காலி போட்டு, கம்ப்யூட்டரும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான். சொல்லப்போனால் நம் சித்திரகுப்தனாவது செத்த பிறகுதான் கணக்குப் பார்க்கிறான். அவர்கள் சித்திரகுப்தன் உயிரோடிருக்கும்போதே வேலை கேட்கும் இடத்திலும், வீடு கேட்கும் இடத்திலும் ஏட்டைத் திறந்து காட்டுகிறான்.

பெரிய வியாபாரிக்கு வேறு நீதி

"குற்றம் செய்தவன் யாராயிருந்தாலும் ஒரே சட்டம்தானே?" என்று கேட்கலாம். இல்லை. அதே சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. பல வியாபாரிகள் கூடிச் சதி செய்து விலையை ஏற்றுவது, போட்டியை நசுக்குவது, நியாயமற்ற வியாபாரம் செய்வது முதலிய குற்றங்கள், எத்தனை வருஷத் தண்டனைக்குரியவையாயிருந்தாலும், இந்தத் துப்பாக்கித் தடையில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, மூன்று குழந்தைகளுக்குச் சோறு போட மனுவில் தப்பெழுதியவன் ஆபத்தானவன். லக்ஷக்கணக்கான மக்கள் வாங்கும் சாமானுக்கு விலையைச் சதி செய்து ஏற்றிக் கொள்ளையடித்தவன் சாது!

இது நமக்குப் புதிதா? கொலைக் குற்றத்துக்கும் பார்ப்பானுக்குத் தலைமயிரைச் சிரைப்பதே போதும், மற்றவனுக்கு உயிர்த் தண்டனை என்று மனு எழுதி வைக்கவில்லையா? மனு பூணூலைப் பார்த்தான். வாஷிங்டன் மனு பணப்பையைப் பார்க்கிறான். சட்டம் எழுதுகிறவன் தன் வீட்டுக் குற்றத்திற்குச் சந்து விட்டு எழுதுவது எல்லாத் தேசத்திலும் உண்டு.

இன்னும் கேளுங்கள். தடைக்கு ஆளானவன் சர்க்காருக்கு மனுச் செய்து, தான் ஆபத்தில்லாதவன் என்று காட்டி, உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு வழி 1965-ல் ஏற்பட்டது. ஏழைகள்மேல் இரக்கப்பட்டு ஏற்பட்டதா? இல்லை. வின்செஸ்டர் துப்பாக்கி செய்யும் தொழிலின் சொந்தக்காரராகிய ஓலின் மாத்தீசன் என்ற பெருங்கம்பெனி, வெளிநாட்டு மருந்து வியாபாரத்தில் கைக்கூலி கொடுத்த சம்பந்தமான குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதனால் கம்பெனியே பெலன் ஆகிவிட்டது! பெலன் துப்பாக்கி அனுப்பக்கூடாது. துப்பாக்கிக் கம்பெனி துப்பாக்கி அனுப்பாமல் எப்படிப் பிழைக்கும்? உடனே சட்டசபை கதவைத் திறந்தது. கம்பெனி நுழைந்த பிறகு அந்தக் கதவு வழியே சாதாரண மனிதர்களும் கொஞ்ச காலம் நுழைந்து வந்தார்கள்.

பிறகு 1992-ல் என்ன செய்தார்கள்? சட்டத்தை ரத்துச் செய்யவில்லை. அதற்குப் பதிலாக, "தனி மனிதர்களுடைய மனுக்களை விசாரிக்க சர்க்கார் பணத்தில் ஒரு காசும் செலவழிக்கக்கூடாது" என்று வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். அந்த வரி ஆண்டுக்காண்டு தொடர்ந்து வந்தது. கம்பெனிகள் மனுச் செய்தால் மாத்திரம் விசாரிக்கலாம் என்று விதிவிலக்கும் செய்து கொண்டார்கள். மனிதனுக்கு இல்லாத மன்னிப்பு கம்பெனிக்கு உண்டு!

டெக்ஸாஸ் மாகாணத்துத் துப்பாக்கி வியாபாரி ஒருவர் 1998-ல் எல்லையைத் தாண்டி மெக்ஸிகோவுக்குச் சாப்பிடப் போனார். வண்டியில் ஒரு பெட்டித் தோட்டா இருந்ததைக் கண்டு அந்நாட்டார் பிடித்துத் தண்டித்தார்கள். திரும்பி வந்து உரிமை கேட்டு மனுச் செய்தார். இலாகா, "விசாரிக்கப் பணமில்லை" என்று மனுவைத் திருப்பி அனுப்பிற்று. கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டுகள் அவருக்கு உரிமை கொடுத்தன. 2002-ல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது என்ன? "இலாகா உன் மனுவை மறுக்கவில்லையே, விசாரிக்கவில்லை என்றுதானே சொல்லிற்று? மறுத்திருந்தால் அல்லவா நாங்கள் பார்க்க முடியும்?" என்பதாகும். கோயில் பூட்டியிருக்கிறது, பூட்டைத் திறக்க ஆள் இல்லை, ஆனால் உள்ளே போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை! இதைவிட அழகான வருணாச்சிரமம் நம் சாஸ்திரிகளுக்கும் எழுதத் தெரியாது.

ஏட்டிலிருந்து பெயரை அழிக்கும் வித்தை

"ரிக்கார்டை அழித்துக்கொள்ள வழி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, இருக்கும் லக்ஷணத்தைப் பாருங்கள். குற்றப் பதிவு அழிக்கப்பட்டாலும், மன்னிக்கப்பட்டாலும், ஓட்டு, பதவி, ஜூரி ஆகிய பிரஜா உரிமைகள் திரும்பக் கொடுக்கப்பட்டாலும் துப்பாக்கித் தடையும் போகும் என்று மத்தியச் சட்டம் சொல்லுகிறது. இது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. இதற்கு வியாக்கியானம் செய்த தீர்ப்புகளைப் பாருங்கள்.

மத்தியக் கோர்ட்டில் தண்டனை அடைந்தவனுக்கு மாகாணம் உரிமையைத் திருப்பிக் கொடுத்தாலும் செல்லாது என்று 1994-ல் ஒரு தீர்ப்பு. மத்தியச் சட்டத்திலோ பெலனிப் பதிவை அழிக்கப் பொதுவான வழியே இல்லை. ஆகவே அவனுக்கு ஜனாதிபதியின் மன்னிப்பைத் தவிர வேறு கதி இல்லை என்றாயிற்று. மாகாணம் வேட்டைத் துப்பாக்கிக்கு அனுமதி கொடுத்து, கைத் துப்பாக்கிக்கு மாத்திரம் தடை வைத்தாலும், மத்தியச் சட்டப்படி எல்லாத் துப்பாக்கிக்கும் தடை என்று 1998-ல் இன்னொரு தீர்ப்பு. மாகாண சர்க்கார் கொடுத்த அனுமதியை நம்பித் துப்பாக்கி எடுத்தவன் மத்தியச் சிறைக்குப் போவான்!

எல்லாவற்றிலும் வேடிக்கை 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒருவனுடைய பழைய குற்றம் சின்னக் குற்றமானதால் அவனுக்கு ஓட்டும் ஜூரியும் போகவே இல்லை. பெரிய குற்றம் செய்து உரிமை இழந்தவனுக்கு உரிமை திரும்பியதும் பழைய குற்றம் கணக்கில் சேராமல் போகிறதே, இழக்கவே இழக்காத எனக்கு மாத்திரம் ஏன் சேர வேண்டும் என்று கேட்டான். "இழக்காததைத் திரும்பக் கொடுக்க முடியாது, ஆகவே உன் பழைய குற்றம் கணக்கில் சேரும்" என்று ஏகமனதாகத் தீர்ப்பு! தர்க்க சாஸ்திரம் படித்த நம் பண்டிதர்கள் குடத்திற்குள் ஆகாயம் இருக்கிறதா என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அதனால் யாரும் சிறைக்குப் போவதில்லை.

இனி மாகாணங்களில் நடக்கும் பதிவழிப்பு. மனு எழுத வேண்டும், நகல்கள் வாங்க வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வக்கீலைப் பிடிக்க வேண்டும், ஒருநாள் கூலியை விட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். கிரஹதோஷத்திற்குப் பரிகாரம் செய்யப்போன குடியானவன் வெற்றிலை, பாக்கு, தேங்காய், தக்ஷிணை என்று கொடுத்துக் கொடுத்து வீடு திரும்புவது போலத்தான். மிச்சிகன் மாகாணத்தில் சட்டப் பேராசிரியர் இருவர் ஆராய்ச்சி செய்து 2020-ல் வெளியிட்ட கணக்கில், பதிவை அழித்துக்கொள்ள யோக்கியதை வந்தவர்களில், ஐந்து வருஷத்திற்குள் அதை முடித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு 6.5 பேர் என்று கண்டார்கள். மற்ற 93 பேரும் உரிமை இருந்தும் இல்லாதவர்கள். அழித்துக்கொண்டவர்கள் மறுபடி திருடவும் சுடவுமா போனார்கள்? ஐந்து வருஷத்தில் மறுபடி தண்டனை அடைந்தவர்கள் நூற்றுக்கு 4.2 பேர்தான், வன்முறைக் குற்றத்திற்காக என்றால் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. பழியை நீக்கினால் மனிதன் கெட்டுவிடுவான் என்பது, படித்தால் சூத்திரன் கெட்டுவிடுவான் என்ற வாதத்தோடு சேர்த்து எரிக்க வேண்டிய வாதமாகும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. பென்சில்வேனியா 2018-ல், குறித்த காலம் குற்றமின்றிக் கழிந்தால் சில பதிவுகள் மனுவே இல்லாமல் தாமாக மூடப்படும்படி சட்டம் செய்தது. அதைப் பார்த்து வேறு மாகாணங்களும் செய்தன. ஏட்டில் எழுதும் இயந்திரத்துக்கு அழிக்கவும் தெரியும். அழிக்கச் சொல்ல மனம்தான் வேண்டும்.

இந்த ஏடு யாருக்காகத் திறக்கப்பட்டது?

அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டானி என்பவர் 1857-ல், கறுப்பு மனிதன் பிரஜையாக முடியாது என்று தீர்ப்பெழுதினார். அவனைப் பிரஜை என்று ஒப்புக்கொண்டால் அவன் நினைத்த இடத்திற்கெல்லாம் ஆயுதத்தோடு போகும் உரிமை பெற்றுவிடுவானே என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்த 1865-லேயே மிஸ்ஸிஸிப்பி மாகாணம், விடுதலை பெற்ற கறுப்பர் அதிகாரிகளின் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ, தோட்டாவோ, பெரிய கத்தியோ வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. அடிமைத்தனத்தை ஒழித்த அதே 1865-ஆம் ஆண்டு அரசியல் திருத்தத்திலும், "குற்றத்திற்குத் தண்டனையாகத் தவிர" என்று ஒரு சந்து விட்டார்கள். அந்தச் சந்து வழியாக, வேலையில்லாமல் திரிந்தான் என்று கறுப்பனைப் பிடித்துக் குற்றவாளியாக்கி, முதலாளிகளிடம் வாடகைக்கு விட்டார்கள். அடிமை என்ற பெயர் போய்க் குற்றவாளி என்ற பெயர் வந்தது. வேலை அதே வேலை.

1890-ல் மிஸ்ஸிஸிப்பி புதிய அரசியல் சட்டம் எழுதியபோது, எந்தெந்தக் குற்றம் செய்தவனுக்கு ஓட்டு இல்லை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். திருட்டு இருக்கிறது, தீ வைத்தல் இருக்கிறது, பொய்க் கையெழுத்து இருக்கிறது, இரண்டு கலியாணம் கூட இருக்கிறது. கொலை இல்லை! கற்பழிப்பும் இல்லை! கறுப்பர்கள்மேல் சுலபமாகச் சுமத்தக்கூடியவை என்று வெள்ளையர் கருதிய குற்றங்களைப் பொறுக்கி எடுத்துப் போட்ட பட்டியல் அது. கொலையும் கற்பழிப்பும் அதில் சேர 1968 வரை ஆயிற்று. கொலைகாரனுக்கு ஓட்டு உண்டு, கோழி திருடியவனுக்கு இல்லை என்றால், சட்டம் குற்றத்தைப் பார்த்ததா, தோலைப் பார்த்ததா?

மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் 1956-ல் குண்டு வீசினார்கள். தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவர் லைசென்ஸ் கேட்டார், அதிகாரிகள் கொடுக்கவில்லை. அவர் பெலன் அல்ல, பாதிரியார். கலிபோர்னியாவில் 1967-ல் கறுப்பு வாலிபர்கள் சட்டப்படியே பகிரங்கமாகத் துப்பாக்கியோடு நடமாடத் தொடங்கியதும், அப்படி நடப்பதைத் தடுக்க உடனே சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர், பின்னர் ஜனாதிபதியாகித் துப்பாக்கிப் பக்தர்களின் தலைவராக விளங்கிய ரீகன். வெள்ளைக் கையில் இருந்தால் ஆண்டவன் கொடுத்த உரிமை. கறுப்புக் கையில் இருந்தால் ஆபத்து!

"கொலைகாரன் கையில் துப்பாக்கி கொடுக்கலாமா?"

இது ஒரு நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் போவது யோக்கியமல்ல. பெண்டாட்டியை அடித்து மிரட்டுகிறவன், அண்டை வீட்டானைச் சுடுவேன் என்கிறவன் கையில் துப்பாக்கி கூடவே கூடாது. 2024-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம், பிறர் உயிருக்கு ஆபத்தானவன் என்று ஒரு கோர்ட்டு விசாரித்துக் கண்ட மனிதனிடமிருந்து அந்த ஆபத்து உள்ள மட்டும் துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. அது பகுத்தறிவுக்கு ஒத்தது. ஏனெனில் அங்கே இந்த மனிதன், இந்த ஆபத்து, இந்தச் சாக்ஷி, இவ்வளவு காலம் என்று பார்க்கப்படுகிறது. பெலன் தடையிலோ மனிதனும் இல்லை, ஆபத்தும் இல்லை, காலமும் இல்லை. பெயர் மாத்திரம்தான் இருக்கிறது. மனிதனைப் பார்த்துத் தீர்மானிப்பது நீதி. பெயரைப் பார்த்துத் தீர்மானிப்பது ஜாதி.

இப்பொழுது நிலைமை மாறுகிறது என்கிறார்கள். 2025-ல் நீதி இலாகா, மூடிக்கிடந்த மனு வழியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஏப்ரல் மாதத்தில் பத்துப் பேருக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. சந்தோஷம்தான். அந்தப் பத்துப் பேரில் ஒருவர், பழைய காதலியைத் தாக்கிய குற்றத்திற்காக 2011-ல் தண்டனை பெற்ற சினிமா நடிகர் மெல் கிப்சன். உணவுச் சீட்டுக்காரர் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்க, பெண்ணைத் தாக்கியவர் முதல் பந்தியில் உட்காருகிறார்! அருள் என்பது எப்பொழுதும் இப்படித்தான் போகும். கோயிலில் விசேஷ தரிசனம் யாருக்குக் கிடைக்கிறது? ஆகவேதான் நாம் அருள் வேண்டாம், உரிமை வேண்டும் என்கிறோம். அருளுக்குக் கைகூப்ப வேண்டும். உரிமைக்குக் கைகூப்ப வேண்டியதில்லை.

நம் நாட்டு ஏடு

அமெரிக்காவைப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போகக்கூடாது. ஜோதிராவ் புலே 1873-ல் தம் குலாம்கிரி என்ற நூலை, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க நல்லோருக்கு அர்ப்பணம் செய்தார். அவர்கள் ஒழித்ததைப் பார்த்து நாம் பாடம் கற்றோம். அவர்கள் ஒளித்ததைப் பார்த்தும் கற்க வேண்டும்.

ஏனெனில் நம் நாட்டில் தண்டனை அடையாமலே மனிதனைக் குற்றவாளியாக்கினார்கள். 1871-ல் வெள்ளைக்காரன் செய்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையையே குற்றவாளி ஜாதி என்றது. நம் சென்னை மாகாணத்துக்கு அது 1911-ல் வந்தது. குறவர், கள்ளர் முதலிய வகுப்பாரைக் கைரேகை பதியச் சொல்லி, ராத்திரியில் போலீஸ் கொட்டடியில் வந்து படுக்கச் சொன்னார்கள். "பதியமாட்டோம்" என்று நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அதில் ஒருவர் பெண். அந்தக் காலத்திலேயே 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. பிறவியைப் பார்த்துக் குற்றம், பிறவியைப் பார்த்து ஆயுதம்! மனு தர்மமும் வெள்ளைக்காரன் சட்டமும் கைகோத்த இடம் இது.

நம் மாகாணத்தில் 1947-லும், நாடு முழுதும் 1952-லும் அச்சட்டம் போயிற்று. ஆனால் ஏடு போயிற்றா? "வழக்கமாகக் குற்றம் செய்பவர்" என்ற புதுப் பெயரோடு புதுச் சட்டங்கள் வந்தன. எந்த ஊரில் திருட்டு நடந்தாலும் முதலில் எந்தச் சேரிக்குப் போலீஸ் போகிறது என்பது கிராமத்துத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சிறைகளில் ஜாதி பார்த்து வேலை கொடுப்பதும், பழைய "குற்றப் பரம்பரை" வகுப்பாரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பாவிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றும், சிறை ரிஜிஸ்தரில் ஜாதிக் கலத்தையே எடுத்துவிட வேண்டும் என்றும் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது எப்பொழுது? 2024 அக்டோபர் 3-ந் தேதி! சுதந்திரம் வந்து 77 வருஷம் கழித்து!

ஆகவே நாம் கேட்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். தண்டனை தீர்ந்த அன்றே ஓட்டு முதலிய பிரஜா உரிமைகள் கேட்காமலே திரும்ப வேண்டும். குறித்த காலம் குற்றமின்றிக் கழித்தவனுடைய பதிவு மனுவும் கட்டணமும் வக்கீலும் இல்லாமல் மூடப்பட வேண்டும். ஆயுதத் தடை வேண்டுமானால் அது வன்முறைக்குச் சாக்ஷி உள்ள இடத்தில், விசாரணைக்குப் பின், காலவரையறையோடு இருக்க வேண்டும். ஏழைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, நடிகனுக்கு ஒன்று என்று இருக்கக்கூடாது. பிறவியைக் காட்டி எவனையும் எந்த ஏட்டிலும் குற்றவாளி என்று எழுதக்கூடாது.

தோழர்களே! உங்கள் ஊரில் சிறை சென்று திரும்பியவன் ஒருவன் இருப்பான். அவனுக்கு வேலை கொடுக்கவும், பெண் கொடுக்கவும், பந்தியில் பக்கத்தில் உட்காரவும் ஊர் கூசும். வாஷிங்டன் சட்டத்தை நாம் நாளைக்கே மாற்ற முடியாது. ஆனால் நம் திண்ணையில் உள்ள ஏட்டை நாமே கிழிக்கலாம். கடனைக் கட்டியவனிடம் மறுபடி பத்திரத்தைக் காட்டி வட்டி கேட்பவனை ஊரார் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்? தண்டனை தீர்ந்தவனிடம் பழியைக் காட்டி உரிமையைப் பிடுங்கும் சமுதாயத்துக்கும் அதே பெயர்தான் தகும்.